ஒன்பதாம் படி வீரன்

பசறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தேயிலைத் தோட்டத்து வாத்தியார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் ஆள இனிமே யாராலயும் சாகடிக்க முடியாது" என்றார் குடை வைத்திருந்தவர்.

திடுக்கிட்டுக் காது கொடுத்தேன். ஞாயிறுதோறும் பதுளையில் ஒரு புடவைக்கடை மாடியில் கூடி, ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் எழுதி, தாயக்கட்டை உருட்டிக் கதை விளையாடுகிறார்களாம். ஜெயிக்க ஜெயிக்க வீரன் படி ஏறுவானாம்.

"ஒன்பதாம் படி!" என்று உதட்டைப் பிதுக்கினார் கண்ணாடிக்காரர். "மொத நாள் எலியப் பார்த்து ஓடுனான். நாங்க மூச்சப் புடிச்சிக்கிட்டு இருந்தோம். இப்ப பூதத்தையே ஒரே வெட்டு. கொட்டாவிதான் வருது."

"கஷ்டப்பட்டு ஏறுனவன் சார்."

"என்ன கஷ்டம்? நீங்க கட்டைய உருட்டிட்டு டீ குடிச்சீங்க."

"பொறாமை. உங்க ஆளு இன்னும் மூணாம் படிதானே."

"ஆமா. கதவத் தொறக்கவே அவனுக்குக் கை நடுங்குது. எனக்கும் நடுங்குது. அதுக்குத்தானே வாறேன்? இப்பிடியே போனா இனிமே நான் வரல."

குடைக்காரர் சட்டைப்பையிலிருந்து வீரனை எழுதிய காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"அவனக் கிழிச்சுப் போட்டுட்டு, மொதப் படியில புது ஆளு எழுதுனா வருவீங்களா?"

"வருவேன்" என்று எழுந்தார் கண்ணாடிக்காரர். "ஆனா அவனையும் ரெண்டே வாரத்துல கெடுத்துருவீங்க."