பேகம்பூர் நாக்கு

சிவனம்மாள்: இன்னைக்கு நீங்க மொதல்ல வாயில வைங்க.

பொம்மையன்: என்ன புள்ள புதுசா?

சிவனம்மாள்: புதுசெல்லாம் இல்ல. பேகம்பூருக்குக் குடி வந்த நாள்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எந்தக் கடையில உக்காந்தாலும் நாந்தான் மொதல்ல திங்கணும். "எப்புடி இருக்கு"ன்னு கேக்குறீங்க. நான் சொன்னா, அதையே திருப்பிச் சொல்றீங்க. நாகல்நகர் ரோஸ்ட் கடையில சட்னி புளிச்சுக் கெடக்குன்னேன். "ஆமா, புளிச்சுக் கெடக்கு"ன்னீங்க. யானைத் தெப்பத்துப் பக்கம் அந்தத் தள்ளுவண்டியில சால்னாவுக்குச் சோம்பு தூக்கல்னேன். "ஆமா, தூக்கல்"ன்னீங்க.

பொம்மையன்: சரியாச் சொல்ற, ஒத்துக்கிறேன். அது ஒரு குத்தமா?

சிவனம்மாள்: கல்யாணங் கட்டுனதுலருந்து நான் சொல்லி எதை ஒத்துக்கிட்டீங்க? வடமதுர சந்தையில ஒரு கிலோ கத்திரிக்கா வாங்குறதுக்கே நமக்குள்ள அடிதடி நடக்கும்...

பொம்மையன்: சோறு ஆறுது. பெசஞ்சு சாப்புடு.

சிவனம்மாள்: நீங்க கை கழுவப் போனப்பவே கொழம்ப ஒரு சொட்டுத் தொட்டு நக்கிட்டேன். எப்புடின்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.

பொம்மையன்: கடையில வந்து உக்காந்துக்கிட்டு என்ன இது. கடைக்காரப் பிள்ள பாக்குது.

சிவனம்மாள்: பாக்கட்டும்.

பொம்மையன்: இதச் சொல்ல வாயில வேற வைக்கணுமா? பாத்தாலே தெரியுதே. எண்ணெ பிரிஞ்சு மேல நிக்கிது. கறி எளசு, கை வச்சா எலும்ப விட்டுக் கழண்டு வருது. மசாலாவ அம்மியில அரைச்சிருக்காங்க, மிக்சியில இல்ல...

சிவனம்மாள்: இதெல்லாம் கண்ணு சொல்றது. நாக்கு என்ன சொல்லுது?

பொம்மையன்: இந்தா... தின்னுட்டேன். போதுமா?

சிவனம்மாள்: எப்புடி இருக்கு?

பாண்டிச்செல்வி: என்னண்ணே, கொழம்பு எப்புடி? மதினி என்ன, எலையத் தொடாம உக்காந்திருக்காங்க. ஏரியாவுக்குப் புதுசா?

சிவனம்மாள்: ஆமாம்மா. பின்னாடித் தெருவுல மாடி வீட்டுக்கு வந்திருக்கோம். வடமதுரயில ரோட்டோரமாப் பிரியாணிக் கட போட்டிருந்தோம். ரோட்ட அகலம் பண்ணணும்னு எடுத்துட்டாங்க.

பாண்டிச்செல்வி: வடமதுரயா... அண்ணே, நீங்க பொம்மையன் மாஸ்டரா? எங்க வீட்டுக்காரரு திருச்சிக்கு லோடு போறப்பெல்லாம் உங்க கடையில நிறுத்தாமப் போக மாட்டாரு. வீட்டுக்கு வந்து, "அந்தாளு கையில உப்பு நிக்கிற மாதிரி உன் கையில ஏன் நிக்கல"ன்னு என்னோட வம்புக்கு நிப்பாரு. உங்க பேரச் சொல்லி நான் வாங்குன பேச்சு கொஞ்சநஞ்சமில்ல.

பொம்மையன்: அது... அவரு பிரியத்துல சொல்லியிருப்பாரும்மா.

பாண்டிச்செல்வி: அப்ப, நாளைக்கு இஷாக் பாய் தொறக்குற புதுக் கடைக்கு நீங்கதான் மாஸ்டரா? தெருப்பூரா அதே பேச்சு. பெரிய மனுசங்க நாலு பேரக் கூப்பிட்டு, மொத தேக்சாப் பிரியாணிய அவங்களச் சாப்பிடச் சொல்லித்தான் கடையவே தொறக்குறாராமே. சரிண்ணே, நீங்களே சொல்லுங்க. என் கொழம்பு எப்புடி? மறைக்காமச் சொல்லணும்.

பொம்மையன்: நல்லா இருக்கும்மா.

பாண்டிச்செல்வி: உப்பு, காரம் எல்லாம்?

பொம்மையன்: எல்லாம் அளவா இருக்கு. ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

பாண்டிச்செல்வி: இன்னைக்கு எங்க வீட்டுக்காரரு வரட்டும், பேசிக்கிறேன். இருங்கண்ணே, தொட்டுக்க வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் எடுத்துட்டு வாரேன்.

பொம்மையன்: என்ன புள்ள, அப்புடிப் பாக்குற?

சிவனம்மாள்: நாளைக்கு நானும் வாரேன்.

பொம்மையன்: எங்க?

சிவனம்மாள்: கடைக்கு. சமையக்கட்டுக்குள்ள. வெங்காயம் உரிச்சுத் தாரேன்.

பொம்மையன்: வெங்காயம் உரிக்க உன்னைய யாரு கூப்பிட்டா? அதுக்கு ஆளு இருக்கு.

சிவனம்மாள்: சட்டி கழுவுறேன்.

பொம்மையன்: அதுக்கும் ஆளு இருக்கு.

சிவனம்மாள்: சும்மாவாச்சும் ஓரமா நிக்கிறேனே. உங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு? வடமதுரயில நான் பக்கத்துல இல்லாம என்னைக்கு அடுப்பு எரிஞ்சிருக்கு?

பொம்மையன்: அது நம்ம கட. இது இன்னொருத்தர் எடம்.

சிவனம்மாள்: அதத்தான் நானுஞ் சொல்றேன். நம்ம கடையில ஒரு நாள் கூடக்கொறைய ஆனா, வண்டிக்காரன் மொகத்தச் சுளிச்சுட்டுப் போயிருவான். மறுநாள் வேற வண்டிக்காரன் வருவான். நாளைக்கு அப்புடியா? நாலு பெரிய மனுசங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. மொத வாய் வச்சதும் அவங்க மொகம் மாறுச்சுன்னா... நீங்க கரண்டியோட அங்க நிப்பீங்க.

பொம்மையன்: ஏன் மாறப்போகுது?

சிவனம்மாள்: ஏன்னு என்னையக் கேக்குறீங்களா?

பொம்மையன்: புள்ள... நான் ஒண்ணு சொல்லணும். செத்த நேரம் குறுக்க பேசாமக் கேளு. அன்னைக்கு இஷாக் பாய்கிட்ட...

பாண்டிச்செல்வி: அண்ணே, நிறுத்துங்க, அந்தக் கொழம்பத் தொடாதீங்க. என் தங்கச்சி காலையிலேயே உப்பப் போட்டுட்டுப் போயிருக்கா. நான் அது தெரியாம மறுபடியும் அள்ளிப் போட்டிருக்கேன். அந்த மேசக்காரரு ஒரு வாய் வச்சவரு, எலைய மூடிட்டு எந்திரிச்சுட்டாரு... அடி ஆத்தி. என்னண்ணே, வழிச்சுச் சாப்பிட்டிருக்கீங்க? எல்லாம் அளவா இருக்குன்னு வேற சொன்னீங்களேண்ணே...

சிவனம்மாள்: அவரு அப்புடித்தாம்மா. அடுத்தவங்க சமையல ஒரு நாளும் கொற சொல்ல மாட்டாரு. சமைச்ச பிள்ள மனசு நோகுமேன்னு பேசாம சாப்பிட்டுட்டாரு. அடுப்படியில வேகுறவங்க கஷ்டம் அவருக்குத் தெரியாதா? நீ போயி தயிர் இருந்தாக் கொண்டாம்மா.

பாண்டிச்செல்வி: மாஸ்டர்னா மாஸ்டர்தான் மதினி. வேற ஆளா இருந்தா இந்நேரம் கடையவே ரெண்டு பண்ணியிருப்பாங்க. இந்தா வாரேன்.

சிவனம்மாள்: தண்ணியக் குடிங்க.

பொம்மையன்: ம்.

சிவனம்மாள்: எனக்கு ஒரு சொட்டுக்கே நாக்கு சுருண்டுபோச்சு. உங்களுக்கு வாய் கரிக்கவே இல்லயா? என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

பொம்மையன்: இல்ல.

சிவனம்மாள்: கொஞ்சங்கூடவா?

பொம்மையன்: காரம் மட்டும் சுள்ளுன்னு எரியுது. மத்தபடி பஞ்சத் திங்கிற கணக்காத்தான் இருக்கு. கறியும் ஒண்ணுதான், கத்திரிக்காயும் ஒண்ணுதான். வாசமும் இல்ல... நீ என்ன, திடுக்குனுகூட ஆகல?

சிவனம்மாள்: எனக்குத் தெரியும்.

பொம்மையன்: எப்பருந்து?

சிவனம்மாள்: போன வருசம் ஆடியில பத்து நாளா எந்திரிக்க முடியாமக் காய்ச்சல்ல கெடந்தீங்கள்ல, அதுக்கப்புறம். எந்திரிச்சு வந்து வச்ச மொத ஒலையே கடல்தண்ணி கணக்கா இருந்துச்சு. நீங்க ஊறுன அரிசிய வடிக்கப் பின்னாடி போயிருந்தீங்க. நான் எப்பவும் போல ஒரு சொட்டு கையில விட்டு நக்கிப் பாத்தேன். எனக்கு உசுரே போயிருச்சு. பாதித் தண்ணிய மோந்து கொட்டிட்டு, வெறுந்தண்ணிய ஊத்தி வச்சேன். நீங்க வந்து, அதே ஒலைய ஒரு சொட்டு வாயில விட்டு, "சரியா இருக்கு"ன்னு தலைய ஆட்டுனீங்க. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

பொம்மையன்: அப்பருந்து...

சிவனம்மாள்: அப்பருந்து நாந்தான் உப்பு பாக்குறேன். அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒலை ஒரு பொட்டுக் கரிக்கணும், அரிசி குடிச்சதும் சரியாயிரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான. நீங்க அந்தப் பக்கம் போவீங்க, நான் இந்தப் பக்கம் போடுவேன். கூட்டம் ஒங்க கையப் புகழும். நான் எச்சி எலைய எடுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டுப் போவேன். எனக்கு அது வருத்தமில்ல, சத்தியமாச் சொல்றேன். சொன்னா ஒடிஞ்சு போவீங்களேன்னுதான் சொல்லல.

பொம்மையன்: தினமுமா போட்ட?

சிவனம்மாள்: மொதல்ல கூடும், கொறையும். நான் சரி பண்ணுவேன். தைக்கு மேல நீங்க சுத்தமாப் போடுறதையே மறந்துட்டீங்க. ஒலை பச்சத் தண்ணியா இருக்கும். நாக்கு போனது போதாதுன்னு மறதியும் வந்துருச்சேன்னு நான் அழாத நாளில்ல. உங்ககிட்டயும் சொல்ல முடியாது, வேற யாருகிட்டயும் சொல்ல முடியாது.

பொம்மையன்: மறக்கல.

சிவனம்மாள்: என்னது?

பொம்மையன்: நான் மறக்கல புள்ள. பொங்கல் கழிஞ்சு ஒரு நாள், வடிக்கிற கூடைய மறந்து வச்சுட்டேன்னு திரும்பி வந்தேன். நீ உப்புக் கையோட ஒலை முன்னாடி நின்ன. சாமி கும்புடுற மாதிரி கண்ண மூடி, நாக்குல வச்சுப் பாத்த. அப்புடியே பின்னுக்குப் போயிட்டேன். மறுநாள்லருந்து நான் உப்பு ஜாடியத் தொடல.

சிவனம்மாள்: தெரிஞ்சேவா...

பொம்மையன்: கொறைஞ்சாப் போட்டுக்கலாம். கூடிப்போனா என்ன செய்வ? ருசி தெரிஞ்ச கை ஒண்ணு இருக்கயில, தெரியாத கையும் உள்ள போனா என்ன ஆகும்? இந்தா, இந்தக் கொழம்பு மாதிரிதான் ஆகும்.

சிவனம்மாள்: அத என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன? நான் உங்கள ஏமாத்துறேன்னு நெனச்சு நெனச்சு மருகுறேன், நீங்க என்னைய வேடிக்க பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.

பொம்மையன்: வேடிக்க இல்ல புள்ள. அடுத்தவன்கிட்டச் சொல்லிரலாம். கட்டுனவகிட்ட "என் கைக்கு இனிமே ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது. நீயாச் சொல்லுவன்னு நான் இருந்தேன்.

சிவனம்மாள்: நீங்களாச் சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்... சரி. அதெல்லாம் விடுங்க. நாளைக்கு என்ன செய்யப் போறீங்க? இப்பவே போயி பாய்கிட்ட ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிருவோம். வாங்க.

பொம்மையன்: உக்காரு.

சிவனம்மாள்: அவமானப்படுறதுக்கு இது எம்புட்டோ தேவல. குஜிலியம்பாறையில எங்கண்ணன் வீட்டுக்குப் போயி பருத்தி எடுத்தாச்சும் பொழைக்கலாம்...

பொம்மையன்: உக்காருன்னு சொல்றேன்ல. பாய்கிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சு.

சிவனம்மாள்: எப்ப?

பொம்மையன்: அவரு வடமதுரயில நம்ம கடையில சாப்பிட்டு, "மாஸ்டரு யாரு, எனக்கு அவரு வேணும்"னு கேட்டாரே, அன்னைக்கே. நீ எச்சி எலையப் போடப் போயிருந்த. "அடுப்பு என்னுது பாய், உப்பு என் சம்சாரத்தோடது. அவ வந்தா நான் வாரேன், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க"ன்னேன்.

சிவனம்மாள்: ...அதுக்கு அவரு என்ன சொன்னாரு?

பொம்மையன்: "வடமதுரயில வண்டிக்காரங்க நாக்கு வேற, பேகம்பூர் நாக்கு வேற. ஒரு பொட்டு மாறுனாலும் அங்க எலைய மூடிருவாங்க. அந்தம்மாவுக்கு அது புடிபடுமா"ன்னு கேட்டாரு.

சிவனம்மாள்: நீங்க என்ன சொன்னீங்க?

பொம்மையன்: கட தொறக்குறதுக்கு முன்னாடியே பேகம்பூருக்கே குடி வந்துர்றேன் பாய், தினம் ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போயி திங்க வச்சு, நாக்கப் பழக்கிக் கூட்டியாரேன்னேன்... எந்திரி புள்ள. மேட்டுப்பட்டியில இன்னும் ஒரு கட பாக்கி இருக்கு.