பாதி ஜெபத்தில் நிறுத்தாதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபைச் செயலாளர் ஐயா அவர்களே, பாடகர் குழுவை நடத்தும் அக்கா அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, இருக்கை போதாமல் பின்சுவரோடு நிற்கும் சபையாரே, பதின்மூன்று வீடுகளில் கட்டிலில் படுத்தபடி இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். ஒருவர்கூட மைக்கைத் தட்டிப் பார்க்கவில்லை. கவனித்தீர்களா? இருபத்தாறு வருடமாக, யாராவது தட்டினால் அந்த மூலை மேசையிலிருந்து ஒரு முறைப்பு வரும். "தட்டாதீங்க, அதுக்கும் வலிக்கும்" என்று ஒரு குரல் வரும். முறைக்க இன்று அங்கே ஆள் இல்லை. ஆனாலும் நமக்குக் கை வரவில்லை.

அவரை நாம் மைக் அண்ணன் என்றோம். போதகர் ஐயாவும் அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணிகூடக் கோபம் வந்தால் "மைக்கு, இங்க வா" என்பார்களாம். அவர் ரேடியோ பழுதுபார்ப்பவர். பிரசங்கியார் அல்ல, மூப்பர் அல்ல, ஒரு நாளும் சாட்சி சொன்னவர் அல்ல. இந்த மேடையில் அவர் ஏறியதெல்லாம் ஒயர் இழுக்க மட்டும்தான். பாடகர் குழு அக்காவுக்கும் அவருக்கும் நடந்த சண்டை நமக்குத் தெரியாததா? சத்தம் பத்தவில்லை என்று அக்கா சைகை காட்டுவார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு விடைகொடுக்க இவ்வளவு பேர் ஏன் வந்திருக்கிறோம்?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். ஒரு காலை இழந்து படுக்கையில் விழுந்த நம் தபால்காரர் ஐயாவுக்கு, மைக் அண்ணன் வாரம் தவறாமல் ஆராதனையைக் கேசட்டில் பதிவுசெய்து கொண்டுபோய்க் கொடுத்தார். சில மாதம் கழித்து ஐயா கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் இருக்கேனா செத்தேனான்னு கேசட்டுக்குத் தெரியாதே. நானும் பதிலுக்கு ஒண்ணு சொல்லணும்ல."

அந்த ஒரு பேச்சுதான். இரண்டு மாதம் கழித்து, பழைய தொலைபேசியையும் சின்ன ஒலிபெருக்கியையும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, ஐயாவின் கட்டிலோரம் மாட்டிவிட்டார். இங்கே பேசுவது அங்கே கேட்கும். அங்கே பேசுவது இங்கே வரும். மைக் மேசையில் ஒரு வீட்டுக்கு ஒரு குமிழ். குமிழின் கீழே பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேர். பிரசங்க நேரத்தில் குமிழ்களை இறக்கி வைப்பார். ஆசீர்வாதம் முடிந்ததும் ஒவ்வொன்றாக ஏற்றுவார். நாம் எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, கட்டில்களிலிருந்து ஆமென்கள் வரும். ஒன்று இருமலோடு வரும், ஒன்று பாதித் தூக்கத்தில் வரும். எல்லாம் வந்து சேரும்வரை யாரும் வெளியே போவதில்லை. இது நம் சபையின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒன்பதாவது பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் கணவர் கூரை ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவர். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பெட்டி கேட்டது அவர்தான். நான் கேட்கவில்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு வருடம் ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். சண்டை போட்டு நிறுத்தவில்லை. பதில் வராத இடத்துக்குக் கடிதம் போடுவதை நிறுத்துவோமே, அந்த மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆரம்ப ஜெபத்துக்கு ஏற்றிய எங்கள் குமிழை இறக்க மைக் அண்ணன் மறந்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த ஒரே பிழை என்று செயலாளர் ஐயா சொன்னார். எனக்குத் தெரிந்து இன்னும் நாலைந்து உண்டு. போகட்டும். பெட்டியில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னைப் புடமிடுவது போல ஆண்டவர் நம்மைத் துன்பத்தில் புடமிடுகிறார் என்று போதகர் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். நானோ காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். கணவரை ஒரு பக்கமாகப் புரட்டிப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, என் குரல் சபை முழுக்க ஒலிப்பது தெரியாமல் சொன்னேன்:

"புடம் போடறதா இருந்தா என்னைப் போடுங்க. இவர் என்ன பண்ணினார்? கேட்டுக் கேட்டுத் தொண்டை வத்திப்போச்சு. அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா, இல்லையா?"

பிரசங்கம் நின்றது. பெட்டி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பெட்டிக்குள்ளிருந்து, மைக்குக்கு மிக அருகில், மைக் அண்ணனின் குரல் வந்தது. ஒரே ஒரு வார்த்தை. "ஆமென்."

மற்றக் குமிழ்களையும் அவர் ஏற்றியிருக்க வேண்டும். அதன் பிறகு தபால்காரர் ஐயா எங்கிருந்தோ, "ஆமென்." மகனை இழந்து அதே மாதம் பக்கவாதத்தில் விழுந்த தையல்கார அக்கா, பாதி வாயால், "ஆமென்." ஒவ்வொரு கட்டிலாக வந்தது. கடைசியில், என் கைக்குள் ஒருக்களித்துக் கிடந்த என் கணவர், சுவரைப் பார்த்தபடி, "ஆமென்" என்றார். மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. என் புகாருக்கு அவர் ஆமென் சொன்னார். விரிப்பைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று உருகிப்போனேன் என்று நினைக்காதீர்கள். மானம் போய்விட்டது என்று கொதித்தேன். மறுநாள் பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. என் குரல் வந்ததும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"கை குமிழுக்குப் போயிருச்சும்மா. ஆனா அது ஜெபம். பாதி ஜெபத்துல எப்படி நிறுத்தறது?"

"அது ஜெபம் இல்லை அண்ணே. திட்டு."

"திட்டினாலும் அவரைப் பார்த்துத்தானே திட்டினீங்க. இல்லாத ஆளை யாராவது திட்டுவாங்களா?"

புள்ளியியலில் இதற்கு இடம் இல்லை. என்னிடம் விசுவாசம் எதுவும் மிச்சம் இல்லை, என் ஆமென்னுக்காகச் சபையைக் காக்கவைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அவசரம் இல்ல. பழைய வால்வு ரேடியோ போட்டதும் பாடாது. சூடேறணும்." பெட்டியை வாங்கி, திருகாணி ஒன்றை முறுக்கி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சூடேற ஒன்றரை வருடம் ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் என் கணவரின் ஆமென்னுக்குப் பிறகு மைக் அண்ணன் மூன்று எண்ணும் நேரம் குமிழை இறக்காமல் வைத்திருந்தார். அது எனக்காக என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை. ஒரு நாள் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். பெட்டிக்குள் இந்த மூலையிலிருந்து யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. மைக்குக்கு அவ்வளவு அருகில் இருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

என் கணவர் எழுந்து நடக்கவில்லை. இன்றும் நான்தான் புரட்டிப் படுக்க வைக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நம்பிக்கை கேட்டது கிடைத்ததால் வந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிடைக்காத வீட்டிலும் அது எரிகிறது. முன்பைவிட நன்றாகவே எரிகிறது. வீட்டில் ஒரு ஆளைத் துணைக்கு வைத்துவிட்டு இப்போது நான் ஞாயிறுதோறும் இங்கே வருகிறேன்.

போன வருடம் மைக் அண்ணனுக்கு வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குள் போனது. படுக்கையானார். மைக் மேசைக்கு என்னைக் கேட்டார். ஒயரின் தலை எது வால் எது என்று தெரியாதவள் நான், என்னை ஏன் என்றேன். "ஒயரை யாரும் கத்துக்கலாம். நிறுத்தக் கூடாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். தன் வீட்டுப் பெட்டியைத் தானே செய்து முடித்துவிட்டுத்தான் படுத்தார். பதினான்காவது குமிழ். அதன் கீழே பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருக்கிறார்: "நான்".

எட்டு மாதம் அந்தக் குமிழிலிருந்து ஆமென் வந்தது. ஒரு ஞாயிறு, ஆமென்னுக்குப் பதிலாக, "வலிக்குது ஆண்டவரே, போதும்" என்று வந்தது. என் கை குமிழுக்குப் போனது. நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆமென் சொன்னேன். பிறகு நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அந்தச் சத்தத்தைத் தன் கட்டிலில் கேட்டு அவர் சிரித்தார் என்று அண்ணி சொன்னார்கள். சத்தம் இன்று பத்தும் என்று பாடகர் குழு அக்காவிடம் சொல்லச் சொன்னாராம்.

கடைசி வாரம் பார்க்கப் போயிருந்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் யோசித்தார். "பயம் இல்ல. அங்க போனா என் வேலை போயிரும், அதுதான். அங்க யாரும் தூரத்துல இல்லையாமே." அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்கள். சாவை இவ்வளவு சாதாரணமாகத் தாண்டிப் பார்த்த ஒருவரை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டதில்லை.

செயலாளர் ஐயா, உங்களிடம் ஒரு வார்த்தை. அடுத்த மாதம் கேமரா வரப்போகிறது, ஆராதனை எல்லா வீட்டுக்கும் படத்தோடு போகப்போகிறது, பழைய தொலைபேசி லைன்களை எடுத்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு இருக்கிறது. கேமரா வரட்டும். போதகர் ஐயாவின் முகத்தைப் பார்க்க என் கணவருக்கும் ஆசைதான். ஆனால் கேமராவில் ஆராதனை அங்கே போகும், அங்கேயிருந்து எதுவும் வராது. தபால்காரர் ஐயா இருக்கிறாரா செத்தாரா என்று கேமராவுக்கும் தெரியாது. கட்டில் ஆமென்களுக்கு நேரம் ஆகிறது என்கிறீர்கள். நான் அளந்து பார்த்தேன். சராசரி மூன்று நிமிடம் நாற்பது நொடி. மூன்று நிமிடம் நாற்பது நொடி காத்திருக்க முடியாத அளவுக்கு நமக்கு அப்படி என்ன அவசரம்? லைன்களை எடுக்காதீர்கள். இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்ததில்லை.

அண்ணி, உங்கள் முன்னால் சொல்கிறேன். எனக்குக் கண் தெரியும்வரை, கை நடுங்காதவரை, அந்த மேசையில் நான் இருப்பேன். எனக்குப் பிறகு உட்காருகிறவருக்கும் இந்த ஒன்றையே முதலில் சொல்வேன். அழுகை வந்தாலும், திட்டு வந்தாலும், யாருடைய ஜெபத்தையும் பாதியில் நிறுத்த மாட்டோம். பதினான்காவது குமிழின் பிளாஸ்திரியை உரிக்க மாட்டேன். அடுத்து யார் படுக்கையில் விழுந்தாலும் அந்த லைன் அவர்களுக்கு. "நான்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா?

இப்போது மேசைக்குப் போகிறேன். எல்லாக் குமிழ்களையும் ஏற்றப்போகிறேன். சபையாரே, தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள். கட்டில்களில் இருப்பவர்களே, நம் அண்ணனுக்காகக் கடைசி ஆமென்னை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருமல் வந்தால் இருமிவிட்டுச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சொல்லுங்கள். அவசரம் இல்லை. இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம்.