கடைசி வரிசைக்கு வழி

— போனை வெச்சுடாதீங்கம்மா, பஸ் எல்லாம் புரிஞ்சுது. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் பஸ் ஏறி, கல்குவாரி ஸ்டாப்ல இறங்கணும். அப்புறம்?

— நேரா நடந்தா பெரிய வாசல் சார். எல்லாரும் அது வழியாத்தான் எங்க அரங்கத்துக்குள்ள வருவாங்க.

— எல்லாரும் வராத வாசல் ஏதாவது...

— சார், நீங்க அரங்கம் பாக்க வர்றீங்களா, கன்னம் வைக்க வர்றீங்களா?

— க்ஹும்... பழைய கட்டடம்னா எனக்கு உயிரும்மா. திறந்தவெளி, அரைவட்டமா கல்லு படி... விடவே மாட்டேன்.

— இதுவரைக்கும் எத்தனை பாத்திருக்கீங்க?

— ...இதுதான் முதல்.

— சரிதான். பின்னாடி ஒரு சின்ன வழி இருக்கு. மதிலை ஒட்டியே ஏறினா நேரா கடைசி வரிசைக்கு வந்துடலாம். மூச்சு வாங்கும்.

— வாங்கட்டும். அங்க உக்காந்தா தெரியுமா?

— மேடை பளிச்சுனு தெரியும் சார்.

— அதில்ல... மேடையிலேருந்து பாத்தா நான் தெரிவேனா?

— ...தெரிய மாட்டீங்க. முகமெல்லாம் புள்ளி புள்ளியாத்தான் இருக்கும்.

— நல்லதாப் போச்சு. பேசுறது கேக்குமா?

— அதான் சார் அதிசயமே! மைக்கே கிடையாது. நடுக்கல்லுல நின்னு மெதுவாப் பேசினாலும் மேல வரைக்கும் வரும்.

— அடேயப்பா! கட்டினவன் கில்லாடி. அப்ப நாளைக்கு வந்துடுறேன்.

— நாளைக்கு நாடகம் இருக்கே சார்.

— அப்படியா? க்ஹும்... எனக்கு நாடகம்னாலே ஆகாது. நான் கல்லு பாக்க வர்றேன்.

— அப்ப இன்னைக்கே வாங்களேன். கூட்டமில்ல, கல்லு நிம்மதியாப் பாக்கலாம்.

— இன்னைக்கு வந்து என்னம்மா பண்றது? பொண்ணு நாளைக்குத்தானே நடிக்கிறா... அய்யய்யோ.

— சொல்லுங்க சார், சொல்லுங்க.

— இனிமே என்னத்தை மறைக்க? அவ நடிக்கப் போனதுலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. வீம்புல நான் அவளுக்கு அப்பன், அவ எனக்கு அப்பன். முதல் மேடை. என்னைப் பாத்தா வசனம் மறந்துடுவாம்மா. நான் வந்ததே தெரியக்கூடாது.

— அப்ப மேல உக்காந்து செருமாதீங்க. அங்கேருந்து சத்தம் கீழயும் வரும்.

— கெட்டுது போ! இது... க்ஹும்... பிறவிச் செருமலாச்சே.

— தெரியும் சார். உங்க பொண்ணு நேத்தே வந்து சொல்லிட்டாங்க. அப்பா போன் பண்ணுவார், கல்லைப் பத்தியே கேப்பார், பின்வழியைச் சொல்லி விடுங்க, மேலேருந்து அந்தச் செருமல் கேட்டாத்தான் எனக்கு முதல் வசனமே வரும்னு.