புள்ளிக்குக் கிடைத்த படுக்கை

இந்த நாற்காலி சாயாது என்பதை உட்கார்ந்ததுமே கவனித்துவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை. விசாரணை அறைக்கு இதுவே அதிகம். விமானத்தின் பின் வரிசைகளில் உட்கார்ந்தே வயதானவனுக்கு, இரண்டு கைப்பிடிகளும் தனக்கே கிடைப்பது சின்ன விஷயமல்ல.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நான் வால்வு விற்பவன். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் அந்த வால்வுதான். அதற்காக ஊர் ஊராகப் பறந்தேன். கம்பெனி எனக்கு எப்போதும் வால் பக்கத்தில்தான் டிக்கெட் எடுக்கும். கழிப்பறைக் கதவுக்கும் குழந்தையின் அழுகைக்கும் நடுவே பல வருடங்கள் உட்கார்ந்ததற்கு விமான நிறுவனம் எனக்குப் புள்ளிகள் தந்தது. புள்ளி சேர்ப்பவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் சங்கத்தின் பெயர் ‘வானவர் வட்டம்’. நான் அதில் வெள்ளி வானவர். அட்டை இதோ. பர்ஸில் மனைவியின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன், எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று.

பறந்தது போதாதென்று செலவழித்தும் சேர்த்தேன். பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைத்த ஃபிரிட்ஜை விட்டுவிட்டு, புள்ளி தரும் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கினேன். மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் புள்ளி எதுவும் தரப்படவில்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தடவையாவது முன் பக்கத்தில் படுத்துக்கொண்டு பறக்க வேண்டும். இது பேராசை என்று நீங்கள் நினைத்தால், என் சகலையை நீங்கள் இன்னும் சரியாக விசாரிக்கவில்லை என்று அர்த்தம். என் மனைவியின் அக்கா கணவர். புகார் கொடுத்திருப்பவரும் அவரே. குடும்பம் கூடும் இடத்திலெல்லாம் அவர் பேச்சு பிசினஸ் கிளாஸில்தான் வந்து இறங்கும்.

“ஏறி உக்காந்ததும் சூடா ஒரு துண்டு குடுப்பான் சகல. அதை மூஞ்சில வெச்சா, அடடா, பிறந்ததுக்கு அர்த்தமே அப்பதான் புரியும்.”

ஈரத்துணியில் பிறவியின் அர்த்தம் கண்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

“உங்களுக்குப் பின்னாடி என்ன குடுப்பான்? கடலையா?”

“சில நேரம்,” என்பேன்.

அத்தை மட்டும் சிரிக்கமாட்டார். “மாப்பிள்ளையும் ஒரு நாள் போவாருப்பா. சேத்துக்கிட்டு இருக்காரில்ல,” என்பார். அத்தை என்றால் என் மாமியார். எங்களோடுதான் இருந்தார்.

புள்ளிகள் போதுமான அளவுக்குச் சேர்ந்தபின் வானவர் வட்டத்துக்குத் தொலைபேசினேன்.

“புள்ளிக்கான சீட் அந்தத் தேதியில இல்லைங்க சார்,” என்றாள் அந்தப் பெண்.

“பணம் கட்டினா?”

“அது இருக்குங்க சார்.”

“ரெண்டும் ஒரே சீட்தானேம்மா?”

“ஒரே சீட்தான் சார். ஆனா இப்ப அது பணத்துக்கான சீட்.”

தத்துவம் படிக்காதவர்களுக்கு இது கொஞ்சம் கடினம். வேறு தேதி கேட்டேன். வேறு ஊர் கேட்டேன். போக வேண்டிய அவசியமே இல்லாத ஊர்களுக்கெல்லாம் கேட்டேன். ஒரு முறை கிடைத்தது. நான் கிளம்பும் ஊரிலிருந்து அல்ல, இன்னொரு நாட்டிலிருந்து. அங்கே நான் என் செலவில் போய்ச் சேர வேண்டுமாம். ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும், வானவராக இருப்பதற்கு நன்றி என்றார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கிவிட்டது. அதற்கு அறுவை சிகிச்சை செய்யத் தெரிந்த மருத்துவர் சகலை இருக்கும் இந்த நகரத்தில் இருந்தார். நாளும் குறித்துவிட்டார்கள். எங்கள் ஊர் மருத்துவர் எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: “படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, வீட்டுலயே இருக்கட்டும்.”

நான் இதை மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

சகலை உடனே அத்தைக்கு பிசினஸ் கிளாஸ் எடுத்தார். துணைக்குப் போகும் எனக்கும் எடுத்தார், வால் பக்கத்தில். “சகலைக்குப் பழகின இடம்தானே,” என்றார். எடுத்த கையோடு அத்தையின் டிக்கெட்டைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். அத்தையின் உடல்நிலையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இருக்கை எண், ‘முழுப் படுக்கை’ என்ற சொல், முன்பதிவுக் குறியீடு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சொந்தக்காரர்கள் கைதட்டும் பொம்மைகளைப் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

அதே விமானத்தில் புள்ளிக்கு இடம் கேட்டுக் காத்திருப்போர் வரிசையில் சேர்ந்தேன்.

“நீங்கதான் சார் முதல் ஆள். யாராவது கடைசி நேரத்துல கேன்சல் பண்ணா உங்களுக்குத் தானா வந்துடும்.”

“யாரு பண்ணுவாங்க?”

“அது எங்க கையில இல்லைங்க சார்.”

யார் கையில் இருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

கிளம்பும் நாள் காலை. அத்தை கூடத்தில் மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மாப்ள, சீட்டு கெடைச்சுதா?”

“பாத்துக்கிட்டே இருக்கேன் அத்தை.”

“கெடைச்சா நல்லா இருக்கும். நீங்களும் பக்கத்துலயே படுத்துக்கிட்டு வரலாம்.”

ஒரு முன்பதிவைத் திறக்கக் குறியீடும் குடும்பப் பெயரும் போதும். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் சகலை மாமனார் பெயரைப் போட்டிருந்தார். நானும் அதையே போட்டேன். இறந்துபோன மாமனாரால் எனக்குக் கிடைத்த முதல் உதவி அது. வேறு யாருடைய இருக்கையையாவது ரத்து செய்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். மற்றவர்கள் யாரும் தங்கள் டிக்கெட்டை எங்கள் குடும்பக் குழுவில் போடவில்லை.

‘நிச்சயமாக ரத்து செய்யவா?’ என்று கணினி கேட்டது. மரியாதையான கேள்வி. இன்னொரு தரமும் கேட்டது. தகவல் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரியாக சகலையினுடையதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்ததாகச் சொன்னீர்கள். தப்பு செய்கிறோம் என்று நினைப்பவன் சொந்த முகவரியைக் கொடுப்பானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சற்று நேரத்தில் வாழ்த்துச் செய்தி வந்தது. அத்தையிடம் சொன்னேன். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விமான நிலையத்தில் நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. அத்தையின் டிக்கெட் ரத்தாகியிருப்பதைக் கவுன்ட்டர் பெண் கண்டுபிடித்தாள். முன் பக்கம் முழுதும் நிரம்பிவிட்டதாம். மொத்த விமானத்திலும் ஓர் இடம்தான் இருந்தது. கடைசி வரிசைக்கு முந்தைய வரிசை, நடு இருக்கை. “இப்பதான் காலியாச்சு,” என்றாள். நான் விட்டுவந்த இடம் அது. பழக்கப்பட்ட இடம் கைமாறும்போது வரும் சிறு வருத்தம் எனக்கும் இருந்தது.

சகலை போனில் கத்தினார். “சகல, எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, படுக்க வெச்சுக் கூட்டிட்டு வாங்க. இந்த நாளை விட்டா டாக்டர் கெடைக்கமாட்டார்.” வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பணத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அவரிடம் அந்த அனுபவமே இல்லாததால் குரல் உடைந்தது.

கவுன்ட்டர் பெண் என்னைப் பார்த்தாள். “உங்க சீட்டை அம்மாவுக்குக் குடுத்துட்டு நீங்க பின்னாடி உக்காரலாமே சார்? நான் மேலதிகாரிகிட்ட பேசுறேன்.”

“புள்ளிக்குப் பெற்ற இருக்கையைப் பிறருக்கு மாற்ற இயலாது,” என்றேன். வானவர் வட்டத்தின் விதி. எனக்கு எத்தனையோ முறை படித்துக் காட்டப்பட்டது. இவ்வளவு காலம் அந்தப் பக்கமிருந்து கேட்ட வாக்கியத்தை இந்தப் பக்கமிருந்து சொல்லும்போது அது எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன்.

“விடும்மா,” என்றார் அத்தை, சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி. “பாவம், எத்தனை வருஷமா சேத்து வெச்சது. அவர் போகட்டும். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துடுவேன்.”

கேட்டுக்கொள்ளுங்கள். அவரே சொன்னார்.

சூடான துண்டு கொடுத்தார்கள். முகத்தில் வைத்தேன். ஈரத்துணிதான். படுக்கை என் உயரத்துக்கு ஒரு சாண் குறைவு; கால் விரல்கள் பலகையில் இடித்தன. பாதி வழியில் பணிப்பெண் வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

“சார், பின்னாடி உங்க அத்தைக்கு வலி தாங்க முடியல. காலெல்லாம் வீங்கியிருக்கு. கொஞ்ச நேரம் இங்க படுக்க வைக்கலாமா? விதியெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

“மீதி நேரத்துக்கான புள்ளி எனக்குத் திரும்பி வருமா?” என்று கேட்டேன். கேட்டதில் தப்பில்லை, தெரிந்துகொள்ளத்தான். அவள் நிமிர்ந்து பின் பக்கம் போய்விட்டாள். பதில் தெரியாதவர்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான். தொந்தரவு செய்யாதீர் என்ற விளக்கைப் போட்டுக்கொண்டேன். இறங்கும் முன் சேவைக்கு மதிப்பெண் கேட்டார்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். படுக்கைக்கு மட்டும் இரண்டு.

முன் பக்கத்தவர்கள் முதலில் இறங்கலாம். நான் வெளியே வந்து, தள்ளுகட்டிலோடு காத்திருந்த சகலையின் பக்கத்தில் போய் நின்றேன். அத்தை வருவதற்குள் உள்ளேயிருந்து மருத்துவரைக் கூப்பிடும் அறிவிப்பு வந்தது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது, அவ்வளவு நேரம் உட்கார்ந்ததால் என்றார்கள். சகலை தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆக, ரத்து செய்தது நான்தான். எதற்காக அவரைப் படுக்க வைக்கிறார்கள், உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஆனால் நான் ரத்து செய்தது ஓர் இருக்கையை. இந்த வேறுபாட்டை உங்கள் அறிக்கையில் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சின்ன உதவி. புள்ளிக்கு எடுத்த பயணத்துக்குப் புள்ளி கிடையாதாம். ஆகவே எனக்கு எதுவும் ஏறவில்லை. ஆனால் சகலை டிக்கெட் எடுக்கும்போதே அத்தையையும் வானவர் வட்டத்தில் சேர்த்துவிட்டிருக்கிறார். பின் வரிசையில் அவர் உட்கார்ந்து வந்ததற்கான புள்ளிகள் அவர் கணக்கில் அப்படியே கிடக்கின்றன. நீங்கள் என்னை எப்போது அனுப்பினாலும், ஊருக்குப் படுத்துக்கொண்டு போக எனக்குக் கொஞ்சம்தான் குறைகிறது. அந்தப் புள்ளிகளை மாற்றித்தர வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். மனைவியைக் கேட்டேன், போனை வைத்துவிட்டாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

அத்தை இருந்திருந்தால், கேட்காமலே கொடுத்திருப்பார்.