பேய் வராத சனிக்கிழமை

பஞ்சும் பசையும் கொண்டு பாதி ஊரைப் பயமுறுத்தியவரே! நல்ல பெண்களை நாற்காலியில் அமர்த்தி நடுங்க வைக்கும் உருவமாக எழுப்பி அனுப்பியவரே! பொறாமையையும் ஒரு பொறுப்பாகச் சுமந்து, பக்கத்து அரங்கின் மணப்பெண் ஒப்பனையைத் தினமும் எட்டிப் பார்த்து, திரும்பி வந்து, "மூக்கு கோணலா இருக்கு" என்று ஒரே வரியில் மனம் ஆறியவரே! எங்கள் அக்காவே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் நம் சனிக்கிழமைத் தொலைக்காட்சித் தொடரின் ஒப்பனை அறையை ஆண்ட நீங்கள் இன்று ஓய்வு பெறுகிறீர்கள். வாரம் ஒரு கதை, வாரம் ஒரு குடும்பம், வாரம் ஒரு வீடு என்று எல்லாம் மாறிய தொடரில் மாறாமல் வந்தது பேய் ஒன்றுதான். அத்தனை பேயும் உங்கள் கையில் பிறந்தவை. தண்ணீரில் போனவளுக்கு விரல் நுனி சுருங்கியிருக்க வேண்டும், தீயில் போனவனுக்குப் புருவம் இருக்கக் கூடாது, பட்டினியில் போனவர்களுக்குக் கன்னத்தைவிடக் கழுத்துதான் ஒட்டியிருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் சட்டம்.

இப்படிப்பட்ட மடல்களில் பொறுமை, பெருந்தன்மை, விட்டுக்கொடுத்தல் என்று எழுதுவது வழக்கம். உங்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அதையெல்லாம் வாசித்தால் முதலில் சிரிப்பது நீங்களாகத்தான் இருக்கும். இயக்குநர் அறைக்குப் புது மின்விசிறி வந்தபோது, நீங்கள் ஒரு வாரம் அட்டையால் விசிறிக்கொண்டே வராந்தாவில் நடந்தீர்கள். உங்கள் ஓரகத்தி மாடி கட்டிக் குடிபோன வாரம், எங்கள் பேய்க்கு அவர் சாயல் வந்துவிட்டது. அது நல்ல பேய். உங்கள் வேலையில் பாதி உங்கள் பொறாமையால் நடந்தது என்று நாங்கள் பலமுறை பேசிக்கொண்டதுண்டு.

ஆகவே அந்தப் பொறாமையின் பெரிய கதையை இந்தச் சபையில் சொல்கிறோம். "நீங்கள், நீங்கள்" என்று சொன்னால் பாதியில் எழுந்து திருத்துவீர்கள். அதனால் யாரோ ஓர் ஒப்பனை அக்காவின் கதைபோலச் சொல்கிறோம். முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.

ஒருநாள் இயக்குநர் ஒப்பனை அறைக்கு வந்து, இந்த வாரம் பேய் கிடையாது என்றார். அக்கா சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். இயக்குநர் சிரிக்கவில்லை. எப்போதும் ஒரே வழியில் போய்ப் போய் தனக்கே அலுத்துவிட்டது என்றும், இந்தத் தடவை ஒரு சாதாரண வீட்டின் ஒரு நாளை மட்டும் எடுக்கப் போவதாகவும் சொன்னார். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர். காலையில் எழுகிறார்கள், போகிறார்கள், வருகிறார்கள், தூங்குகிறார்கள். அவ்வளவுதான். மனைவியாக நடிப்பவருக்கு என்ன போடுவது என்று அக்கா கேட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்தால் போதும் என்றார் இயக்குநர்.

படப்பிடிப்பு முழுக்க அக்கா ஓரத்தில் முக்காலி போட்டு, மூடிய ஒப்பனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. எதிரே அந்த நடிகை, கழுவிய முகத்தோடு, கணவனிடம் இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்று கேட்டாள். கணவன் செய்தித்தாளைப் புரட்டினான். மகனிடம், குடை எடுத்துட்டுப் போறியா என்று கேட்டாள். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மகளிடம், தலைவலி விட்டுச்சா என்றாள். மகள் கதவைச் சாத்தினாள். கடைசியில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு அவள் போய்ப் படுத்தாள். கதை முடிந்தது. "முகத்துல ஒரு புள்ளிகூட வைக்கல, இதுக்கு ஒரு கேமரா, ஒரு விளக்கு" என்று அக்கா முணுமுணுத்தது ஒலிவாங்கியில் பதிவாகி, அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை அது ஒளிபரப்பானது. திங்கள் காலையில் வரவேற்பறைத் தொலைபேசி அலறத் தொடங்கியது.

முதலில் வந்ததெல்லாம் வசவு. திரைச்சீலையை இழுத்துவிட்டு, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு பயப்படத் தயாராக உட்கார்ந்தோமே, இப்படி ஏமாற்றலாமா என்று ஒரு தகப்பன் கேட்டார். பேய் வரும் இடத்தில் தங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் போயிருக்குமோ என்று ஒரு பெரியவர் சந்தேகப்பட்டு, விட்டுப்போன பேயை மட்டும் தனியாக ஒளிபரப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். தொலைபேசி எடுக்கும் பெண்ணுக்குக் காது சூடேறியது. அக்காவுக்கோ அன்று திருவிழா. தன் அறையை விட்டு வந்து மேசை அருகிலேயே நின்றுகொண்டார். ஒவ்வொரு வசவுக்கும் அவர் கழுத்து ஒரு விரல்கடை உயர்ந்தது. "சத்தமா வைம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். இயக்குநர் தன் அறைக் கதவை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேயர் அழைத்தார். குரலில் ஒரே வியப்பு. அந்த அம்மா செத்துப்போனவர் என்பதைக் கடைசிவரை சொல்லாமலே சொல்லிவிட்டீர்களே, எப்பேர்ப்பட்ட மூளை என்றார். தொலைபேசிப் பெண் தடுமாறி, அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்றாள்.

"எப்படிம்மா? வீட்டுல ஒருத்தராவது அவங்களுக்குப் பதில் சொன்னாங்களா? அவங்க பேசுறது யாருக்காவது கேட்டுச்சா?"

அவள் தொலைபேசியைக் கையால் பொத்தினாள். பக்கத்தில் நின்ற கேமராக்காரரைப் பார்த்தாள். அவர் காட்சிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பின் வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே பாட்டு. காலையில் திட்டியவர்களே மீண்டும் அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். அக்கம்பக்கத்தில் பேசிப் பார்த்தபோதுதான் புரிந்ததாம். கரண்டியைப் பற்றிக் கேட்டபோது கணவன் நிமிரவே இல்லையே, மகள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாளே, இதெல்லாம் செத்தவருக்கு நடப்பதுதானே என்றார்கள். மின்சாரத்தைச் சந்தேகித்த பெரியவரும் அழைத்தார். இத்தனை வருடங்களில் வந்த பேய்களிலேயே இதுதான் நல்ல பேய் என்றார். பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லையாம்.

இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான்கு பேரிடம், இல்லை, அது பேய் இல்லை என்று உண்மையைச் சொன்னார். ஐந்தாவது ஆளிடம், கண்டுபிடித்துவிட்டீர்களே என்றார்.

அக்கா அப்படியே நின்றார். தன் கைப்பட ஒட்டிய தோல், தான் கிழித்த உதடு, தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய புருவம், எதற்கும் இப்படி யாரும் அழைத்ததில்லை. முகம் கழுவிவிட்டு வந்த ஒருத்தி நல்ல பேய் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறாள். தான் தொடாத பேய்! அடுத்த மணி அடித்ததும் தொலைபேசியைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நான் பேய் போடுறவ. எனக்குத் தெரியாதா? அவளுக்குக் கழுத்து வேர்த்துச்சு, பாத்தீங்களா? பேய்க்கு வேர்க்குமா? சுவத்துல நிழல் விழுந்துச்சே, அது யாரோட நிழல்?"

மாலைவரை இதே வழக்குத்தான். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று நிரூபிக்க அக்கா பட்ட பாட்டை ஒரு வக்கீல்கூடப் பட்டிருக்க மாட்டார். காது சிவந்திருந்தது என்றார். அடுப்புச் சூட்டில் கையை உதறினாள் என்றார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு பெண் அழைத்தார். மெதுவாகப் பேசினார். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அக்கா தொடங்கியதுமே அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

"அது பேய் இல்லைன்னு எனக்குத் தெரியும்க்கா. எங்க வீட்டுலயும் அப்படித்தான். நீங்க ஒருத்தராவது அவ உயிரோட இருக்கான்னு சொன்னீங்களே, அது போதும்."

அத்தோடு வைத்துவிட்டார். நாள் முழுதும் தோற்ற வழக்கில் அக்காவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி. அந்த வெற்றியைக் கையில் பிடித்தபடியே தொலைபேசியை வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கதையில அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் யாரும் பதில் சொல்லல. ஊரே போன் போட்டுக் கேக்குது. எனக்காக எவனாவது ஒரு போன் போட்டிருக்கானா?"

இயக்குநர் பக்கத்து மேசைத் தொலைபேசியில் வேறொரு நேயருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கேமராக்காரர் கேமராக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தொலைபேசிப் பெண் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் பேய் திரும்பி வந்தது. பொறாமையில் அக்கா செய்த அந்தப் பேயைப் பார்த்து அதற்குள் இருந்த நடிகையே கண்ணாடி முன்னால் அழுதுவிட்டாள். ஆண்டுக் கடைசியில் நேயர்கள் ஓட்டுப் போட்டுச் சிறந்த பேயைத் தேர்ந்தெடுத்தார்கள். முகம் கழுவியவளே வென்றாள். கதையின் முடிவில் ஓடும் பெயர்களில், வழக்கமாக வரும் பேய் ஒப்பனை என்ற வரியை நீக்க எல்லோரும் மறந்திருந்தோம். அதனால் கேடயம் அக்கா பெயருக்கே வந்தது. தான் செய்யாத வேலைக்கு வந்த அந்தப் பரிசை அவர் ஒப்பனை அறை அலமாரியில், சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்தார். இன்றுவரை அது அப்படியேதான் நிற்கிறது.

அக்கா, கதை இங்கே முடிகிறது. இனி "நீங்கள்" என்றே சொல்கிறோம்.

அன்று நீங்கள் கேட்டது இயக்குநர், கேமராக்காரர், தொலைபேசிப் பெண் என்று எங்கள் மூவருக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் தொலைபேசியையும் கம்பியையும் சாவியையும் பிடித்துக்கொண்டோம். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான், உங்களுக்கு நாங்கள் பதில் சொல்லாதது அன்று மட்டும் இல்லை என்பது உறைத்தது. அதன் பிறகாவது சொல்லத் தொடங்கினோமா என்றால், அதுவும் இல்லை. பழகிவிட்டது. நேயர்களுக்கு ஒரே கதையில் தெரிந்தது எங்களுக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியவில்லை.

எனவே இந்த மடலில் வாழ்த்தைவிடப் பதில்கள்தான் அதிகம்.

ஒவ்வொரு பேயையும் முடித்து நிறுத்திவிட்டு, "பயமா இருக்கா?" என்று கேட்பீர்கள். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாச்சு என்பார். பயமாகத்தான் இருந்தது அக்கா. அவர் கடிகாரத்தைப் பார்த்ததே அதனால்தான். கேமராக்காரர் வராந்தாவில் உங்கள் பேய்கள் எதிரே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவற்றோடு தேநீர் குடித்து முடித்த பின்பும் அப்படித்தான்.

"பக்கத்து அரங்குல என்னைவிட நல்லா போடுறாங்களா?" என்று கேட்பீர்கள். மணப்பெண்ணுக்கு, ஆமாம். மற்ற எதற்கும் இல்லை. இதற்கு நீங்கள் முகம் தூக்குவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறோம்.

"சாப்பிட்டியாம்மா?" என்பது தொலைபேசிப் பெண்ணிடம் நீங்கள் தினமும் கேட்டது. பாதி நாள் சாப்பிடவில்லை. உங்கள் டப்பாவிலிருந்து நீங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனதைத்தான் சாப்பிட்டாள்.

போன வாரம் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "திங்கக்கிழமை இந்த அறையை யாரு திறப்பா?" என்று கேட்டீர்கள். தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொள்ள இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, நாளை முதல் இந்தக் கேள்விகள் எல்லாம் உங்களுக்கு. காபி ஆறிப்போச்சா, கதவைப் பூட்டினீங்களா, இந்தக் கலர் எனக்கு எடுக்குதா என்று காலையிலிருந்து வரும். அதை நினைத்தால் எங்களுக்கு உங்கள்மேல் பொறாமையாக இருக்கிறது. எப்படிப் பொறாமைப்பட வேண்டும் என்று பெரிய இடத்தில் கற்றவர்கள் நாங்கள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அக்கா எங்களுக்கு ஒரு போன் போடட்டும். நாங்கள் எல்லோரும் உங்களுக்குப் போன் போடுவோம்.

அக்கா, கண் தெளிவாக, கை நடுங்காமல், முழங்கால் வலிக்காமல், ஓரகத்தி வீட்டு மாடியைவிட உயரமாய் நீங்கள் பல்லாண்டு நிமிர்ந்து நடக்க வேண்டும். கண்ணில் படுகிற எதையும் பார்த்துக் குறையாத ஆசையோடு பொறாமைப்பட வேண்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதனால் உள்ளே வருகிற எவரையும் நீங்கள் முதலில் கேட்பது, "வெளியில வெயிலா, மழையா?" இன்று காலையும் கேட்டீர்கள். நாங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தோம்.

மழை, அக்கா. குடை எடுத்து வைத்திருக்கிறோம்.

இவண்,
அன்று பேசாமல் நின்ற மூவரும்,
சனிக்கிழமைத் தொடரின் குழுவினர் அனைவரும்