தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து

ஒரு ப்ளூ-ரே டிஸ்க் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நாயகியின் முகத்தைப் பார்க்கக் கூடாதுங்க மேடம். முகத்துக்கு எப்படியும் வெளிச்சம் போட்டுவிடுவார்கள். அவளுக்குப் பின்னால் இருக்கிற கடைப் பலகையைப் படிக்க வேண்டும். எழுத்து உடையாமல் வந்தால் நல்ல டிஸ்க். நான் அப்படித்தான் பார்ப்பேன். ஒரு இணையதளத்துக்கு விமர்சனம் எழுதுகிறேன். ஊட்டை விட்டு வெளியே போகாமல் செய்ய எனக்கு அந்த வேலைதான் கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அக்கா இனியா பள்ளிக்கூடத்தோடு நின்று மில்லுக்குப் போனாள். அவள் கூலியில்தான் காலேஜ் முடித்தேன். அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அப்புறம் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போத்தனூரிலிருந்து பஸ் மாறிப் போவேன். அந்த அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிற வரைக்கும் நான் யாருடைய மகளும் இல்லை, எந்தச் சாதியும் இல்லை.

அக்கா, மில்லில் கூட வேலை பார்த்த கதிரோடு போய்விட்டாள். வேறு சாதி. ஓடினது அவள், பூட்டினது என்னை. அப்பா என் அட்டையை வாங்கி பீரோவில் வைத்தார். "அவ கெடைக்கட்டும், அப்பறம் நீ வேலைக்குப் போ அம்மணி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் விமர்சனத்துக்கு இந்தக் காதல் படத்தின் டிஸ்க் வந்தது. படம் சுமார்தான். ஓடிப்போன ஜோடி, துரத்துகிற குடும்பம், கடைசியில் பெண்ணின் அப்பன் வந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுவான். ஈரோட்டு ஜவுளிச் சந்து ஒன்றில் எடுத்த காட்சி. நாயகி அழுகிறாள். வழக்கம்போல நிறுத்திவிட்டுப் பின்னால் பார்த்தேன். ஓடிடியில் அந்த மூலை வெறும் கலங்கல். டிஸ்கில், மாடியில் ஒருத்தி துணி காயப்போடுகிறாள். க்ளிப்பை வாயில் கடித்துக்கொண்டு துணி உதறுவது எங்கள் அக்காதான். வயிறு மேடிட்டிருந்தது. கீழே தையல்கடைப் பலகை, போன் நம்பரோடு. ஒரு எழுத்துக்கூட உடையவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றார்.

"உன்ற அக்காளா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

பலகையையும் நானே படித்துச் சொன்னேன். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. பேசிக் கூட்டிவருகிறேன் என்று வேலுமணி மாமாவின் காரில் கிளம்பினார். மாமா ஒரு அரிவாளைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தார். வழியில் எளநி வெட்ட இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்புகிறதுக்கு முன்னால் அப்பா பீரோவைத் திறந்து என் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன்.

கதிர் வேலைக்குப் போயிருந்ததால் தப்பித்தார். அக்கா துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள், அங்கேயே வைத்து முடித்துவிட்டார்கள். கொடியில் கிடந்ததெல்லாம் குழந்தைத் துணி என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பெண் குழந்தை என்றீர்கள். நல்லது. யாராவது படிக்க வைக்கட்டும்.

ரிமோட்டைத் தவிர நான் எதையும் தொடவில்லை. படத்தில் வருகிற அப்பன் மாதிரி எங்கப்பாவும் கட்டிப்பிடித்து அழுவார் என்று நம்பித்தான் காட்டினேன். காலையில் அப்படிச் சொன்னேன், நீங்களும் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்க மேடம். என் விமர்சனம் இன்னும் இணையத்தில் இருக்கிறது, எப்படியும் படிப்பீர்கள். தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன். முடிவுக்கு ஒன்று. 'எங்கள் பக்கம் எந்த அப்பனும் அழ மாட்டான், வெட்டுவான்' என்று காரணமும் எழுதியிருக்கிறேன்.

அதை எழுதி அனுப்பிவிட்டுத்தான் அப்பாவைக் கூப்பிட்டேன்.