ஈரச் சட்டையும் சாரனும்

“…சாரனோட போனா ட்ரக்குல வாறவன் சுடுவான். உடுப்போட போனா வயலுக்குள்ள கிடக்கிறவன் சுடுவான். இப்ப நான் என்னத்த உடுத்துற, சொல்லு பாப்பம்?”

றஷீது நானா சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். டப். டப். தலைக்கு மேல் மண்மூட்டை கிழிகிறது. மண் என் வாய்க்குள் விழுகிறது.

“குனி! குனிடா!” நானா என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

வெள்ளிக்கிழமை. பகல் பதினொன்றரை. கல்முனைக்கு மேற்கே, வயலோரப் பங்கர். நாங்கள் மூன்று பேர், ஊர்காவல் படை: நான், நிசாம், எங்களுக்கு அண்ணன் முறையான றஷீது நானா. நிசாமுக்குத் தொடையில் வெடி பட்டிருக்கிறது. காயத்தை அமத்திய கையை நான் எடுக்க முடியாது. எடுத்தால் இரத்தம் பாய்கிறது. தூரத்தில் ரோட்டில் இராணுவ ட்ரக்கின் உறுமல். யாராவது ஓடி மறித்தால் நிசாம் பிழைப்பான். றஷீது நானாதான் போக வேண்டும்.

அவர் வெறும் மேலோடு, இடுப்பில் கட்டிய சாரனோடு நிற்கிறார்.

எங்களுக்குத் தந்தது ஆளுக்கு ஒரு சோடி சீருடை உடுப்பு. அதோடுதான் காவல். அதோடுதான் தூக்கம். சேறு, வியர்வை, அட்டை கடித்த இரத்தம், எல்லாம் அதில்தான். சப்பாத்து எல்லாருக்கும் ஒரே அளவு. நிசாம் முன்னுக்குப் பழந்துணி அடைத்துப் போட்டான். வீட்டுச் சோறு வந்து சேரும்போது புளித்திருக்கும். நானா அதையும் வழித்துத் தின்பார். “புளிச்சாலும் என்ட பொண்டாட்டி ஆக்கினதுடா. உனக்குப் பொறாம.”

வெள்ளிக்கிழமை மட்டும் உடுப்பை வாய்க்காலில் அலசிக் காயப்போடுவார். “இந்த ஊத்தையோட அல்லாஹ்வுக்கு முன்னால நிக்கிறதா?” சாரனோடு துவக்குத் தூக்கி நிற்பவரைத் தூரத்தில் வருகிற இராணுவம் வயலுக்குள் பதுங்கியிருக்கிற இயக்கக்காரன் என்றுதான் எடுக்கும். அது அவருக்கும் தெரியும். ஜும்ஆத் தொழுகைக்கு முன் காய்ந்துவிடும் என்று நம்பினார்.

அன்று காயவில்லை.

ட்ரக் நின்றது. நிசாம் பிழைத்தான். அன்று இழந்தவை: நிசாமின் வலது கால். வெடிச் சத்தத்தில் என் இடது காதின் கேட்கும் சக்தி. றஷீது நானா, வயது முப்பத்தொன்று, மூன்று பெண்பிள்ளைகளின் வாப்பா. அவர்மேல் பட்ட வெடி எந்தப் பக்கத்தால் வந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

எதை உடுத்துவது என்று கேட்டவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையை நீட்டி முள்ளுக்கம்பியில் இருந்த சட்டையை இழுத்தார். தண்ணீர் சொட்டியது. கழுத்துப் பொத்தான் வரை பூட்டினார். சாரனை அவிழ்க்கவில்லை. துவக்கை என் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வரப்பில் ஏறினார்.